கசிவு நீர் கலங்கினால்: பழைய அணைகள் எப்படி உடைகின்றன?

"ஆயுள் முடிந்துபோன அணை" என்று ஒரு நாள் செய்தி வருகிறது. "நூறாண்டு கடந்தும் அணை உறுதியாக இருக்கிறது" என்று மறுநாள் இன்னொரு செய்தி. இரண்டையும் படிப்பவர் எதை நம்புவது? அணைக்கு ஆயுள் என்று ஒன்று உண்டா, அது முடிந்தால் அணை தானாக இடிந்து விழுமா என்ற கேள்விகளுக்குப் பதில் தெரிய, அணை எதைத் தாங்கி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு முன் இரண்டு அடிப்படைத் தகவல்கள்.

அடித்தளத்திலிருந்து உச்சி வரை 15 மீட்டருக்குக் குறையாத அணையைப் பொறியாளர்கள் பெரிய அணை என்கிறார்கள். 5 மீட்டருக்கு மேல் 15 மீட்டருக்குள் இருந்தாலும், 30 லட்சம் கன மீட்டருக்கு மேல் தண்ணீர் தேக்கினால் அதுவும் பெரிய அணைதான். உலகில் இப்படிப்பட்டவை 58,000க்கு மேல் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை 1930க்கும் 1970க்கும் இடையில் எழும்பியவை என்று ஐ.நா. பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வறிக்கை கூறியது. அதாவது ஒரு தலைமுறையில் கட்டப்பட்டவை எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் மூப்படைகின்றன.

அடுத்தது, "வடிவமைப்பு ஆயுள்" என்ற சொல். 50 ஆண்டு, 100 ஆண்டு என்று சொல்லப்படும் இந்தக் கணக்கு, வண்டல் எத்தனை ஆண்டுகளில் நீர்த்தேக்கத்தை நிரப்பும், போட்ட முதலீடு எப்போது திரும்பும் என்பதையெல்லாம் வைத்துத் திட்டமிடுவதற்காகப் போட்டது. மருந்துப் புட்டியில் அச்சிட்ட காலாவதித் தேதியைப் போல அதைப் படிக்கக் கூடாது. ஸ்பெயினில் ரோமானியர் கட்டிய ப்ரோசெர்பினா அணை இன்றும் தண்ணீர் தேக்கி நிற்கிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் கட்டப்பட்ட டீட்டன் அணையோ, 1976இல் முதன்முறையாக நீர் நிரப்பும்போதே உடைந்தது.

வயது மட்டுமே ஆபத்தின் அளவுகோல் அல்ல. ஆனால் வயது சில ஆபத்துகளை மெல்ல மெல்லக் கூட்டுகிறது.

அணை தாங்குவது எதை?

ஏரி எத்தனை கிலோமீட்டர் நீளம் என்பதை அணை உணர்வதில்லை. அது உணர்வது ஆழத்தை மட்டும்தான். 20 மீட்டர் ஆழத் தண்ணீர், அணையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 200 டன் விசையோடு தள்ளுகிறது. ஆழம் 40 மீட்டரானால் அந்த விசை 400 ஆவதில்லை, 800 டன் ஆகிறது. நீர்மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்துவதா வேண்டாமா என்று நடக்கும் வாக்குவாதங்களில் இவ்வளவு சூடு இருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

இந்தத் தள்ளுவிசையைச் சில அணைகள் தம் எடையாலேயே எதிர்கொள்கின்றன. கல்லாலும் காரையாலும் கட்டியவையும் கான்கிரீட் அணைகளில் பெரும்பகுதியும் இந்த வகை. வில்போல வளைந்த அணைகள் விசையை இருபுறப் பாறைகளின் மீது ஏற்றிவிடுகின்றன. எண்ணிக்கையில் மிக அதிகமாக இருப்பவை மண்ணையும் பாறைத் துண்டுகளையும் குவித்து இறுக்கிய கரை அணைகள்.

எந்த வகையானாலும் ஒன்று பொது: கசியாத அணை உலகில் கிடையாது. தண்ணீர் அணையின் உடலுக்குள்ளும் அதன் அடியிலும் பக்கங்களிலும் எப்போதும் வழி தேடிக்கொண்டே இருக்கிறது. அதற்குத் தீங்கற்ற ஒரு வழியைக் காட்டி வெளியே அனுப்புவதுதான் அணைக் கட்டுமானக் கலையின் பாதி.

உடையும் வழிகள்

1. கரைக்கு மேல் வழிதல். கான்கிரீட் அணை மேல் சில மணி நேரம் தண்ணீர் வழிந்தாலும் பெரும்பாலும் தாங்கிவிடும். மண் அணை தாங்காது. உச்சியில் ஒரு தாழ்வான இடத்தில் வழியத் தொடங்கும் நீர், பின்சரிவில் சிறு ஓடை அறுத்து, ஓடையைப் பள்ளமாக்கி, பள்ளத்தை உடைப்பாக்கிவிடும். 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தின் மச்சு இரண்டாம் அணையில் நடந்தது இதுதான். அதன் உபரிநீர் போக்கி நொடிக்கு 5,600 கன மீட்டர் அளவுக்கான நீரை வெளியேற்றக் கட்டப்பட்டது. வந்த வெள்ளம் ஏறக்குறைய அதைப்போல் மூன்று மடங்கு. இருபுற மண்கரைகளும் கரைந்தன. கீழே இருந்த மோர்பி நகரம் மூழ்கியது. கட்டி முடித்து பத்து ஆண்டுகூட ஆகாத அணை அது.

2. உள் அரிப்பு. இது கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதால் விரிவாகப் பார்க்க வேண்டியது. மண்கரைக்குள் கசியும் நீர் வெளியேறும் இடத்தில் முதலில் நுண்மணல் துகள்களை இழுத்துவருகிறது. துகள் போன இடத்தில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தை நோக்கி இன்னும் வேகமாக நீர் வருகிறது, இன்னும் பெரிய துகள்களை இழுக்கிறது. இப்படி அரிப்பு வெளிப்புறத்திலிருந்து ஏரியை நோக்கிப் பின்னோக்கி வளர்ந்து, எலிவளைபோல ஒரு குழாயாகிவிடும். குழாய் ஏரியைத் தொட்டுவிட்டால் மீதமிருப்பது சில மணி நேரம்தான்.

டீட்டன் அணையின் கடைசிக் காலை இதற்கு நேரடிச் சாட்சி. 1976 ஜூன் 5, விடிந்து சற்று நேரத்தில், அணையின் அடிவாரத்தில் கலங்கிய நீர் வெளியேறுவதைப் பணியாளர்கள் பார்த்தார்கள். முற்பகலில் பின்சரிவிலேயே ஒரு துளை திறந்தது. அதை மண் தள்ளி மூட இரண்டு புல்டோசர்களை அனுப்பினார்கள். துளை பெரிதாகி அந்த இரண்டு இயந்திரங்களையுமே விழுங்கியது. ஓட்டுநர்கள் தப்பினார்கள். ஏரிப் பக்கத்தில் நீர்ச்சுழல் தோன்றியது. நண்பகலுக்குச் சில நிமிடங்கள் முன்பு உச்சி சரிந்தது. 90 மீட்டருக்கு மேல் உயரமான ஓர் அணை முழுமையாக உடைய ஒரு காலைப் பொழுது போதுமானதாக இருந்தது. 11 பேர் இறந்தார்கள்.

3. அடித்தளமும் பக்கப் பாறையும். பிரான்சின் மால்பாசே வில் அணை 1959 டிசம்பர் 2 இரவு உடைந்து 420க்கு மேற்பட்டோர் இறந்தனர். கான்கிரீட்டில் குறை இருக்கவில்லை. இடப்பக்கப் பாறைக்குள் புகுந்த நீரின் அழுத்தம் அந்தப் பாறையையே நகர்த்திவிட்டது. ஈராக்கின் மோசூல் அணை, நீரில் கரையும் ஜிப்சம் பாறையின் மேல் நிற்கிறது. 1980களில் நீர் நிரப்பிய நாள்முதல் அதன் அடியில் உருவாகும் பொந்துகளில் சிமென்ட் குழம்பைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டிய நிலை. நிறுத்தினால் ஆபத்து.

4. மதகுகளும் உபரிநீர் போக்கியும். அணையின் உடல் உறுதியாக இருந்தும் அதன் உறுப்பு தோற்பது. கலிபோர்னியாவின் ஃபால்சம் அணையில் 1995இல் திறந்துகொண்டிருந்த ஒரு மதகு உடைந்தது. அது சுழலும் அச்சில் துரு ஏறி உராய்வு கூடியதுதான் காரணம். 2024 ஆகஸ்ட் 10 இரவு துங்கபத்ரா அணையின் 33 மதகுகளில் 19ஆவது மதகின் சங்கிலி அறுந்து, மதகே அடித்துச் செல்லப்பட்டது. அழுத்தத்தைக் குறைக்க மற்ற மதகுகளையும் திறக்க நேர்ந்தது. ஓடும் வெள்ளத்திலேயே தடுப்புப் பலகைகளை இறக்கி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் அடைத்தார்கள். அணை பிழைத்தது. பாசனத்துக்கான தண்ணீர் ஏராளமாகப் போய்விட்டது.

நிலநடுக்கமும் மலைச்சரிவும் இந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் மண் அணை உடைப்புகளில் பெரும்பங்கு முதல் இரண்டு வழிகளிலேயே நடந்திருக்கிறது.

வயது எங்கே வேலை செய்கிறது?

கான்கிரீட் அணைகளில் சில வீங்குகின்றன. கலவையில் சேர்த்த சில வகைக் கற்களின் சிலிக்கா, சிமென்டின் காரத்தோடு வினைபுரிந்து ஈரத்தை உறிஞ்சும் ஒரு பசையை உருவாக்குகிறது. அது பெருகப் பெருக கான்கிரீட் விரிகிறது, வெடிக்கிறது, மதகுகளை இறுக்கிப் பிடிக்கிறது. கனடாவின் மாக்டக்வாக் அணையில் 1968இல் நூறாண்டை எண்ணிக் கட்டியவர்கள், இந்த வீக்கத்தால் 2030ஐ ஒட்டியே பெரிய சீரமைப்புத் தேவை என்று கணக்கை மாற்ற வேண்டியதாயிற்று. அங்கே வைரக்கம்பி கொண்டு கான்கிரீட்டில் இடைவெளி அறுத்து, விரிவதற்கு இடம் கொடுக்கிறார்கள்.

அணைக்குள் இருக்கும் வடிகால் துளைகள் சுண்ணாம்புப் படிவால் அடைபடுகின்றன. அடைபட்டால் அணையின் அடியில் நீரழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் அணையை மேல்நோக்கித் தூக்கி, அதன் எடையின் ஒரு பகுதியைச் செல்லாததாக்கிவிடும். 19ஆம் நூற்றாண்டுப் பொறியாளர்கள் பெரும்பாலும் இந்தத் தூக்குவிசையைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. பிரான்சின் பூசே கல்லணை 1895 ஏப்ரலில் உடைந்த பிறகுதான் அது பாடமாயிற்று. அதே 1895 அக்டோபரில் திறக்கப்பட்டதுதான் முல்லைப் பெரியாறு அணை. அதன் உச்சியில் கான்கிரீட் தலைப்பு, உடலை அடிப்பாறையோடு இழுத்துக் கட்டும் கம்பிவடம், பின்புறம் கான்கிரீட் முட்டு என மூன்று பலப்படுத்தும் பணிகளை 1979க்குப் பிறகு செய்ததன் தேவை இந்தப் பின்னணியில் புரியும்.

பழைய மண் அணைகளின் குறை வேறு. இன்றைய மண் அணைக்குள் களிமண் நடுப்பகுதியை ஒட்டி, அளவாகச் சலித்த மணலால் ஒரு வடிகட்டி அடுக்கு இருக்கும். தண்ணீரை விடும், மண் துகளை விடாது. உள் அரிப்புக்கு மிகச் சிறந்த தடுப்பு அதுதான். அந்த அறிவு பரவுவதற்கு முன் கட்டிய கரைகளில் அது இல்லை. கரை வழியாகச் செலுத்திய இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டையானால், சுற்றியுள்ள மண்ணுக்கு அதுவே வெளியேறும் வாசல். கரையில் வளரும் மரம் பட்டுப்போய் வேர் மக்கினாலும் அப்படித்தான்.

வண்டல் தேங்குவதை வெறும் கொள்ளளவு இழப்பாகப் பார்ப்பது வழக்கம். அது அணையின் மேல் கூடுதல் தள்ளுவிசையும்கூட. அடிமட்ட மதகுகளை வண்டல் மூடிவிட்டால், அவசரத்தில் நீர்மட்டத்தை இறக்கும் வழியும் அடைபடுகிறது. சீனாவின் சான்மென்சியா நீர்த்தேக்கம் 1960இல் நிரம்பத் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள்ளேயே வண்டலால் திணறி, வெளியேற்று வழிகளைத் திருத்திக் கட்ட நேர்ந்தது.

அணை மாறாமல் இருந்தாலும் கணக்கு மாறும்

உபரிநீர் போக்கி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை, வரக்கூடிய வெள்ளத்தை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். இங்கே "நூறாண்டு வெள்ளம்" என்ற சொல் பலரை ஏமாற்றுகிறது. நூறாண்டுக்கு ஒருமுறை மட்டும் வரும் என்று அதற்குப் பொருள் இல்லை. எந்த ஓராண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே பொருள். அப்படிப் பார்த்தால், 50 ஆண்டுகளில் அது ஒருமுறையாவது வருவதற்கு ஏறக்குறைய 40 விழுக்காடு வாய்ப்பு. ஆயிரமாண்டு வெள்ளத்துக்குக் கட்டிய அணையிலும், நூறு ஆண்டுகளில் அந்த அளவைத் தாண்டும் வெள்ளம் வர சுமார் 10 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான், உடைந்தால் உயிர்ச்சேதம் மிகும் அணைகளுக்கு, அந்த ஆற்றுப்படுகையில் இயற்கை தரக்கூடிய மிகப் பெரிய வெள்ளத்தை மதிப்பிட்டு அதற்கே கட்டச் சொல்கிறார்கள்.

பழைய அணைகளில் பலவற்றின் கணக்கு, சில பத்தாண்டு மழைப் பதிவை மட்டும் நம்பிப் போட்டது. இப்போது பதிவு நீண்டிருக்கிறது. வெப்பமான காற்று அதிக ஈரத்தைச் சுமப்பதால் பெருமழையின் இயல்பும் மாறுகிறது. காட்டின் இடத்தில் கட்டடம் வந்திருந்தால், பெய்த மழை முன்பைவிட வேகமாக வந்து சேர்கிறது.

கீழ்ப்பக்கமும் மாறுகிறது. வயல்வெளியாக இருந்தபோது சிறிய அணை உடைந்தால் பயிர் போகும். அங்கே குடியிருப்புகள் வந்தபின், ஒரு செங்கல்கூட மாறாத அதே அணை உயர் ஆபத்து அணையாகிறது.

பழகிப்போன விரிசல்

விபத்து அறிக்கைகளைப் படிக்கும்போது என்னை மிகவும் வருத்துவது இதுதான்: பெரும்பாலும் அறிகுறி தென்பட்டிருக்கிறது.

கலிபோர்னியாவின் ஓரோவில் அணை அமெரிக்காவிலேயே உயரமானது. 1968இல் முடிந்தது. அதன் உபரிநீர் போக்கியின் கான்கிரீட் தளத்தில், அடியில் ஓடிய வடிகால் குழாய்களுக்கு நேர் மேலே, தொடக்கத்திலிருந்தே விரிசல்கள் இருந்தன. இது சாதாரணம் என்று கருதி அவ்வப்போது பூசி வந்தார்கள். 2017 பிப்ரவரி 7 அன்று பாய்ந்த வெள்ளம் விரிசல்களுக்குள் புகுந்து, கீழிருந்து தளத்தையே பெயர்த்தது. அடியில் இருந்தது உறுதியான பாறை என்று நம்பியிருந்தார்கள். பல இடங்களில் அது மக்கிய பாறை. சேதத்தைப் பார்க்க நீர் வெளியேற்றத்தைக் குறைத்தபோது ஏரி உயர்ந்து, அதுவரை ஒருமுறைகூடப் பயன்படாத அவசரகாலப் போக்கியின் மேல் வழிந்தது. அதற்குக் கீழே வெறும் மலைச்சரிவு. அங்கே கான்கிரீட் தளம் வேண்டும் என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் 2005இலேயே கேட்டிருந்தன. ஒரு நாளைக்குள் அரிப்பு தடுப்புச் சுவரின் அடியை நோக்கி ஏறத் தொடங்கியது. சுமார் 1,88,000 பேரை வெளியேறச் சொன்னார்கள். உடைந்த பிரதானப் போக்கியிலேயே நொடிக்கு 1,00,000 கன அடி திறந்துவிட்டு மட்டத்தை இறக்கியதால் பேரழிவு தவிர்ந்தது. சீரமைப்புச் செலவு 100 கோடி டாலருக்கு மேல். ஆய்வு செய்த வல்லுநர் குழு தனி ஒருவரைக் குற்றம் சொல்லவில்லை. நடத்தியவர்கள், கண்காணித்தவர்கள், துறையின் நடைமுறை என மொத்த அமைப்பும் நீண்டகாலமாகத் தவறியது என்றது.

ஆய்வாளர் எதைப் பார்க்கிறார்?

விலையுயர்ந்த கருவிகளுக்கு முன்னால், அணையின் அடிவாரத்தில் ஒரு சிறு வாய்க்கால் இருக்கும். கசிவு நீர் அனைத்தும் அதில் சேர்ந்து, 'வி' வடிவில் வெட்டிய ஓர் உலோகத் தகட்டின் வழியே விழும். வெட்டுக்குள் நீரின் உயரத்தை அளந்தால் கசிவின் அளவு தெரிந்துவிடும். உயரம் இரட்டிப்பானால் கசிவு ஐந்தரை மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது என்று பொருள். எனவே ஒரு விரற்கடை உயர்வும் அலட்சியப்படுத்தத் தக்கதல்ல.

அளவோடு இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு.

1. ஏரி மட்டம் ஏறாமலே கசிவு ஏறுகிறதா? அல்லது காரணமின்றித் திடீரென்று குறைந்திருக்கிறதா? குறைவது எப்போதும் நல்ல செய்தி அல்ல. வடிகால் அடைபட்டிருக்கலாம், நீர் வேறு வழி கண்டிருக்கலாம்.
2. நீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கலா? தெளிந்த நீர் வெறும் நீரை மட்டும் கொண்டுபோகிறது. கலங்கிய நீர் அணையையே கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்து போகிறது.

கடைசிக் கேள்விக்கான பதில்கூடத் தவறலாம். லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு நீர் தந்த செயின்ட் பிரான்சிஸ் அணையில், 1928 மார்ச் 12 காலை, அணைக் காவலர் புதிதாகக் கலங்கல் கசிவைக் கண்டு தலைமைப் பொறியாளர் வில்லியம் முல்ஹாலந்தை அழைத்தார். அவர் நேரில் வந்தார். நீர் வெளிவரும் இடத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது, பாதை மண்ணில் கலந்து கலங்குகிறது என்று முடிவு செய்து திரும்பினார். ஏறக்குறைய 12 மணி நேரத்தில், நள்ளிரவுக்குச் சற்று முன், அணை உடைந்தது. 400க்கு மேற்பட்டோர் இறந்தனர். முதலில் பலியானவர்களில் அந்தக் காவலரும் ஒருவராகவே கருதப்படுகிறார்.

கரைக்குள் நீரழுத்தம் காட்டும் பீசோமீட்டர், அணை சாய்வதை அளக்கும் தூக்குக்குண்டு, செயற்கைக்கோள் ரேடார் அளவீடு எல்லாம் இதற்கு மேலதிகத் துணை. மதகுகளை வறண்ட காலத்திலும் முழு உயரத்துக்கு ஏற்றி இறக்கிப் பார்ப்பதும், மின்சாரம் போனால் இயக்க மாற்று வழி வைப்பதும் அதே அளவு முக்கியம்.

ஆபத்து தெரிந்தபின்

உடனே செய்யக்கூடியது நீர்மட்டத்தை இறக்குவது. ஆழத்துக்கும் விசைக்கும் உள்ள கணக்கின்படி, சில மீட்டர் இறக்கினாலே சுமை பெரிதும் குறையும். பிறகு பின்புறம் வடிகட்டியோடு முட்டுக்கரை எழுப்பலாம், உபரிநீர் போக்கியை விரிக்கலாம், கான்கிரீட் உடலைக் கம்பிவடத்தால் பாறையில் பூட்டலாம். பயனைவிடச் செலவு மிகுந்துவிட்டால் அணையை அகற்றுவதும் ஒரு வழி. அமெரிக்காவின் எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை இரண்டு அணைகளைப் படிப்படியாக நீக்கினார்கள்.

எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள எடன்வில் அணை உதாரணம். 1920களில் கட்டிய அதன் உபரிநீர் போக்கி போதாது என்று பல ஆண்டுகள் எச்சரித்தும் பெரிதாக்காததால், மத்திய ஒழுங்குமுறை ஆணையம் 2018இல் அதன் மின் உற்பத்தி உரிமத்தையே ரத்து செய்தது. அணையும் தண்ணீரும் அப்படியே இருந்தன. 2020 மே 19 அன்று, ஏரி நிறைந்திருந்தபோது, கரை உச்சிக்கு மேல் வழியாமலே சரிந்தது. இறுக்காமல் விட்ட மணல், நீரில் ஊறி வலுவிழந்து குழம்பாகிவிட்டது. அந்த வெள்ளம் கீழே இருந்த சான்ஃபர்ட் அணையையும் உடைத்தது.

ஓர் ஆற்றில் அடுக்கடுக்காக அணைகள் இருந்தால் மேலே உள்ளதன் பலவீனமே கீழே உள்ளதன் வெள்ளம். சீனாவின் ஹெனான் மாகாணத்தில் 1975 ஆகஸ்டில் பாங்சியாவ் உட்பட 62 அணைகள் ஒரே புயல்மழையில் உடைந்தன. அதிகாரபூர்வ எண்ணிக்கையே 26,000 உயிர்களை ஒட்டியது. மற்ற மதிப்பீடுகள் அதைவிடப் பல மடங்கு. மழையில் தகவல் தொடர்பு அறுந்துபோனதால் கீழே இருந்த ஊர்களுக்கு எச்சரிக்கை போய்ச்சேரவில்லை.

அணை உடைந்தால் வெள்ளம் எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடத்தில், எவ்வளவு உயரத்தில் வரும் என்று காட்டும் வரைபடத்தை முன்கூட்டியே தயாரிக்க முடியும். இந்தியாவின் 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் அவசரகாலச் செயல்திட்டத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பிரிட்டன் தன் முதல் நீர்த்தேக்கப் பாதுகாப்புச் சட்டத்தை 1930இல் இயற்றியது, வேல்ஸின் டால்காரோக் ஊரில் 1925இல் அணை உடைந்து 16 பேர் இறந்த பிறகு. அவசரகாலத் திட்டமும் வெள்ள வரைபடமும் அலுவலக அலமாரியில் இருக்கின்றனவா, ஆற்றோரம் வாழ்பவர் கையில் இருக்கின்றனவா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

லிபியாவின் டெர்னா நகருக்கு மேலே 1970களில் கட்டிய இரண்டு அணைகள் பராமரிப்பின்றிக் கிடந்தன. பெருவெள்ளம் வந்தால் தாங்காது என்று லிபிய ஆய்வாளர் ஒருவர் 2022இல் எழுதினார். 2023 செப்டம்பர் 10 இரவு கடந்து, ஊர் தூங்கும் நேரத்தில், இரண்டும் அடுத்தடுத்து உடைந்தன. நகரின் நடுப்பகுதி கடலுக்குள் போயிற்று, ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். எடன்வில்லில் உடைந்ததும் இரண்டு அணைகள்தான். அங்கே சுமார் 10,000 பேரை வெளியேற்றியிருந்தார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை.